துருவைப் பார்த்தவர்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பதில் வாயில் வராததால் எழுதிப் பார்க்கிறேன்.

கேள்வி, இறந்துபோன ஒருவரைப் பற்றியது. அவருடைய மனைவியை 'அவள்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று தொடங்கிய பிரதி இரண்டாம் பத்தியைத் தாண்டவில்லை.

2

"பழைய காமிக்ஸ் புத்தகங்களுக்கு மதிப்பெண் போடும் அந்த நிறுவனத்தில், வெயில் எட்டாத ஒரு நீண்ட அறையில்..."

அடித்துவிட்டேன். வெயில் கிடக்கட்டும், வேலையைச் சொல்கிறேன். சேகரிப்பவர்கள் தங்கள் பழைய காமிக்ஸை அங்கே அனுப்புவார்கள். மதிப்பீட்டாளர்கள் அட்டை, மூலை, தாள், தாள்களைச் சேர்த்துக் குத்திய கம்பிப் பின் எல்லாம் பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் புத்தகத்தை வைத்து, மதிப்பெண் லேபிளோடு மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. லேபிளைப் பார்த்தே வாங்குவார்கள், விற்பார்கள்.

அந்தப் பெட்டிக்கு அங்கே டப்பா என்றுதான் பேர். டப்பாவில் கீறல் விழுந்தால் திருப்பி அனுப்பிப் புதியது போட்டுக்கொள்ளலாம். மறுபடி மதிப்பெண் போடமாட்டார்கள். பழைய லேபிளே செல்லும். அந்த டப்பா மாற்றும் மேசைதான் அவருடையது. பழைய டப்பாவைப் பிளப்பார், புத்தகத்தைப் பூப்போல எடுப்பார், புது டப்பாவில் வைத்து மூடுவார். புத்தகத்தை ஆராய்வது அவர் வேலையில்லை என்பது விதி. எல்லோரும் அவரை 'டப்பா சார்' என்றார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

(விதி அப்படி. ஆனால் அவர் பார்ப்பார். எதையும் பார்க்காமல் விடுகிற ஆளே இல்லை. பின்னட்டை விளம்பரங்களைப் படித்துவிட்டு வந்து வீட்டில் செய்தி மாதிரி சொல்வார். "இந்தச் சத்துப்பொடியைச் சாப்பிட்டா ஒரே மாசத்துல ஒல்லியான ஆளு பயில்வான் ஆயிடலாமாம். உனக்கு ஒரு டப்பா சொல்லட்டா?" "முதல்ல நீங்க சாப்பிட்டுக் காட்டுங்க" என்பாள் அவள். இது கதைக்கு வேண்டாத இடம் என்று முதலில் நினைத்தேன். இப்போது இதுதான் கதை என்று தோன்றுகிறது.)

3

அவர் போன பிறகுதான் மோசடி வெளியே வந்தது. யாரோ ஒருவன் நல்ல மதிப்பெண் வாங்கிய டப்பாக்களை வாங்கி, சேதம் தெரியாமல் நெம்பித் திறந்திருக்கிறான். நல்ல புத்தகத்தை உருவிக்கொண்டு, அதே இதழின் நைந்துபோன பிரதியை உள்ளே வைத்து, வேண்டுமென்றே மேலே கீறி, "டப்பா மாற்றித் தாருங்கள்" என்று அனுப்பியிருக்கிறான். நிறுவனம் தன் கையாலேயே புது டப்பா போட்டுக் கொடுத்திருக்கிறது. கொடுத்த கை அவருடையது.

லேபிளை நம்பி அவற்றை வாங்கி ஏமாந்தவர்களுக்கு நிறுவனம் விளக்க அறிக்கை வெளியிடப்போகிறது. அதில் அவர் பெயர் வருமா, வந்தால் எப்படி வரும் என்பதற்காகத்தான் விசாரணை.

4

"அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஒரு"

இல்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. இருவரும் காய்ந்த படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு முனை அவர் கையில், இரண்டு முனை அவள் கையில்.

"இன்னைக்கு ஒரு புத்தகம் வந்துச்சு. லேபிள்ல கிட்டத்தட்ட பத்து. பின்னுல பார்த்தா துரு. மூடின டப்பாக்குள்ளயே வயசாகியிருக்கு."

"நீங்க மட்டும் என்னவாம். வீட்டுக்குள்ளயே இருந்து வயசாகலையா?"

சிரித்தார். விரிப்பை மடித்தபடி அவளிடம் நடந்து வந்தார். முனைகளை அவள் கையில் கொடுக்க வந்தவர், கொடுக்காமல் நின்றார்.

"நாளைக்கு அவன்கிட்ட சொல்லணும்" என்றார்.

'அவன்' என்றால் சூப்பர்வைசர். வயதில் இளையவன், அவரை அண்ணன் என்றே கூப்பிடுவான். மறுநாள் அவர் சொன்னாரா? அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றுகிற விஷயமாக அது அன்று இல்லை. அடுத்த மாதமே மாரடைப்பு.

5

சூப்பர்வைசரைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் மருத்துவமனைக்கு அவள் வெறுங்காலோடு ஓடி வந்திருந்தாள். தன் செருப்பைக் கழற்றி அவள் காலருகே வைத்தவன் அவன். அன்று முழுக்க அவன் வெறுங்காலோடு அலைந்தான். அதை எழுதிய பிறகு அவனைக் கெட்டவனாக்கப் பேனா ஓடவில்லை.

விசாரணை தொடங்கியதும் வீட்டுக்கு வந்தான். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"நீங்க கவலைப்படாதீங்க அண்ணி. அண்ணன் தலை நிமிராம வேலை பார்க்கிறவரு, உள்ள என்ன இருக்குன்னு பார்க்கவே மாட்டாருன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அதையே சொல்லிடுங்க. அவர் பேர் வராது."

நல்ல மனசோடு சொன்னானா, தனக்காகச் சொன்னானா? அவள் அவன் காலைப் பார்த்தாள். அதே செருப்பு.

6

நிறுவனத்திலிருந்து விசாரணைக்கு வந்த அம்மா மரியாதையானவர். பேனாவைத் திறக்காமலே கேட்டார்: "வீட்ல எப்பவாவது இதைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?"

முதல் முடிவு. "இல்லைங்க" என்கிறாள். அறிக்கையில் அவர் பெயர் இல்லை. சூப்பர்வைசருக்கும் ஒன்றுமில்லை. விளம்பரம்வரை விடாமல் படித்த மனிதர், எதையும் பார்க்காத மனிதராகி நல்ல பெயரோடு இருக்கிறார். அவருக்குப் போடப்பட்ட புது டப்பா அது. (இந்த முடிவை எழுதிய அன்று என்னால் அவர் படத்துக்கு நேரே உட்கார முடியவில்லை.)

இரண்டாம் முடிவு. "சொன்னார்" என்கிறாள். அந்த அம்மா பேனாவைத் திறக்கிறார். "பார்த்துட்டு ஏன் மூடினார்? யார்கிட்ட சொன்னார்?" அவளுக்குத் தெரியாது. அவருக்கு மட்டும்தான் தெரியும். இன்னொருவனுக்கும் தெரியலாம்.

மூன்றாம் முடிவில் அவள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நேரடியாகக் கேட்கிறாள்: "அண்ணன் உங்ககிட்ட சொன்னாரா?" அவன் சொல்லும் பதில்:

அந்த வரியை என்னால் இட்டுக்கட்ட முடியவில்லை. சூப்பர்வைசரின் பேச்சு எனக்கு மனப்பாடம். எப்படி இழுப்பான், எங்கே நிறுத்துவான் என்று தெரியும். எழுதினால் நிஜம் மாதிரியே இருக்கும். அதனால்தான் எழுதவில்லை.

7

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். நாளை அந்த அம்மா மறுபடி வருகிறார். விரிப்பு அலமாரியில் இருக்கிறது, அன்று மடித்தபடியே.

இதற்குப் புனைவு என்று லேபிள் ஒட்டியது நான்தான். லேபிளை நம்பி இப்படியே மூடி வைத்துவிடலாம். விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் வாசகரே, துருவை நீங்களும் பார்த்துவிட்டீர்கள்.