பித்தளைச் சல்லடை

ஐஸ் பெட்டிக்குள் சங்கிலிமுத்து. தலைமாட்டில் அவர் பெண்சாதி சண்முகத்தாய். வாசலில் இறந்தவரின் அண்ணன் முத்துக்கருப்பனும், அவரோடு சேர்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து சொந்தக்காரர்களும். வேப்பமரத்தடியில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டு மைக்செட் தனுஷ்கோடி. பக்கத்தில் கையில் ஸ்பேனரோடு சங்கிலிமுத்துவின் மகள் கற்பகம். வரவேண்டியவன் மகன் புகழேந்தி மட்டும்தான். சார்ஜாவிலிருந்து கிளம்பி, திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் வந்துகொண்டிருந்தான்.

இரண்டாயிரத்து எட்டில் அச்சங்குளத்தில் கரண்டு போகாத நாளில்லை. அன்றைக்குக் காலையிலேயே போய்விட்டது. மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் கரும்புகை கக்கியது. ஏறியது, இறங்கியது, திக்கியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் பெட்டியின் மோட்டார் உறுமி நின்றது. கண்ணாடியில் படிந்த குளிர் வழிய ஆரம்பித்தது.

"எடுத்துருவோம்த்தா," என்றார் முத்துக்கருப்பன். "இந்த வெயில் தாங்காது. பயகிட்ட போன்ல சொல்லிக்கிடலாம்."

"அண்ணன் வந்து மொகத்தப் பாக்கணும் பெரியப்பா. அதுவரைக்கும் எடுக்க விடமாட்டேன்," என்றாள் கற்பகம்.

காலமெல்லாம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்த சங்கிலிமுத்து வெடியில் சாகவில்லை. டீ குடிக்கும்போது நெஞ்சைப் பிடித்தார், டம்ளர்கூடக் கவிழவில்லை. மருந்தைச் சலித்துச் சலித்துக் கலக்க வேண்டும், ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் இருந்தால் வெடி வெடிக்காது, சீறும் என்பார். இஞ்சினும் அப்படித்தான் என்று பிடித்துக்கொண்டார். எண்ணெய் பெரிய துளியாகப் போனால் பிஸ்டனின் ஒரு அடிக்கு எண்ணெய் கூடுகிறது, அடுத்த அடிக்குக் காற்று கூடுகிறது, அதனால்தான் திக்குகிறது. கார்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே பித்தளைச் சல்லடைத் துண்டு ஒன்றை வைத்தால் துளி உடைந்து காற்றோடு சமமாகக் கலந்துவிடும்.

மூன்று வருடம் முன்பு, பங்குனிப் பொங்கலுக்கு, தனுஷ்கோடியின் இதே ஜெனரேட்டரில் வைத்தும் பார்த்தார். சல்லடைக் கம்பி ஒன்று பிய்ந்து உள்ளே போனது. இஞ்சின் இறுகி, சாமி ஊர்வலம் நடுத்தெருவில் இருட்டில் நின்றது. அன்றிலிருந்து தனுஷ்கோடி அவரோடு பேசவில்லை. செத்த வீட்டுக்குத்தான் வந்தார்.

கற்பகம் அப்பா வேலைபார்க்கும் கொட்டகைக்குள் ஓடினாள். திரும்பியபோது உள்ளங்கையில் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு சல்லடை வட்டம். விளிம்பு முழுக்க ஈயப்பற்று.

"ஏத்தா, அத இங்கன கொண்டாராத!" தனுஷ்கோடி இரண்டு கையாலும் ஜெனரேட்டரை மறைத்தார். "உங்கப்பன் ஒருதரம் கொன்னது போதும்."

"இப்ப ஓரம் பூரா பத்தவச்சிருக்கு மாமா. கம்பி பிய்யாது. அப்பா மொபெட்ல இதே மாதிரி ஒண்ணு ரெண்டு வருசமா ஓடுது."

"இஞ்சின் போச்சுன்னா?"

"போச்சுன்னா போகட்டும். அப்பாவே போயிட்டாரு, உங்க இஞ்சினுக்கு என்ன வந்துச்சு?"

வாசலில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். தனுஷ்கோடி ஸ்பேனரைப் பிடுங்கினார்.

நட்டைக் கழற்றி, கார்பரேட்டரை இழுத்து, வட்டத்தைச் செருகி முறுக்கினார். கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை.

"சோக்கப் போடுங்க மாமா!"

பிடித்தது. திக்கியது. புகை கறுப்பாக வந்தது, சாம்பலானது, காணாமல் போனது. சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக நின்றது. பல்பு துடிக்காமல் எரிந்தது. பெட்டி மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"ஏலே சங்கிலி, ஓடுதுலே!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார் தனுஷ்கோடி.

முத்துக்கருப்பன் கைதட்டிவிட்டு, இழவு வீடு என்பது நினைவுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டார். சண்முகத்தாய் கண்ணாடியைத் தட்டினாள். "கேட்டீகளா? இன்னைக்குன்னு பாத்து ஓடுது. எந்திரிச்சு வாங்க."

சாயங்காலம் புகழேந்தி வந்து தொட்டபோது முகம் குளிர்ந்தே இருந்தது. கொட்டுச் சத்தத்தோடு ஆண்கள் எடுத்துப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். ஜெனரேட்டருக்கு ஆள் வேண்டும் என்று தனுஷ்கோடி மயானத்துக்குப் போகவில்லை.

தெருவிளக்கு எரிந்தது. கரண்டு வந்துவிட்டது.

"அணைக்கட்டாத்தா?"

"கொஞ்ச நேரம் ஓடட்டும் மாமா. சத்தம் இருக்கட்டும்."

அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். காலையிலிருந்து அழாத கற்பகம் கொட்டகைக்குள் போய், கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டாள்.