பட்டியலில் இல்லாத தண்ணீர்

செத்த மீனை வலையிலிருந்து எடுப்பது உயிருள்ள மீனை எடுப்பதைவிடச் சிரமம். உயிருள்ளது துள்ளும்; செவுளைப் பிடித்து ஒரு திருகு திருகினால் கண்ணியை விட்டு வந்துவிடும். செத்தது ஊறிப்போயிருக்கும். இழுத்தால் தலை வலையில் நிற்கும், உடம்பு கையோடு வரும். சிலுவையம்மாள் தெர்மோகோல் தெப்பத்தின் மேல் காலை மடக்கி உட்கார்ந்து, அப்படி வந்த உடம்புகளைத் தண்ணீரில் எறியாமல் சிமெண்டுச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். எறிந்தால் நாளைக்கும் அதே வலையில்தான் வந்து விழும்.

முந்தின நாள் நல்ல மழை. ஆலங்கேணி ஏரியின் வடமேற்கு மூலையில், தொழிற்பேட்டை மதிலுக்கு அடியிலிருந்து ஒரு கல்வெர்ட் ஏரிக்குள் வாய் திறந்திருந்தது. மழை பெய்தால்தான் அது ஓடும். ஒரு மழைக்குக் கறுப்பாக வரும், ஒரு மழைக்கு ஊதாவாக. இன்றைக்கு வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் மாதிரி ஒரு மஞ்சள். சாக்கில் பாதிக்கு மேல் ஜிலேபிக் கெண்டை, அடியில் நாலைந்து கெளுத்தி. கெளுத்தி சேற்றிலேயே பிழைக்கும் மீன். அதுவே செத்திருந்தது. கரையேறுவதற்குள் முழங்கையில் அரிப்புக் கண்டுவிட்டது.

அவள் புருஷன் கஸ்பார் குடிசை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கால் எதிரே கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் நீட்டியிருந்தது. விரல்களிலிருந்து முழங்கால் வரை துணிக்கட்டு. ஓடுகிற நாட்களில் கல்வெர்ட் வாயில் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், மீன் அங்கேதான் கூடும். இருபது வருஷம் அந்த இடத்தில் இடுப்பளவு நின்று வலை இழுத்தவன். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு கொப்புளமாக ஆரம்பித்தது, ஆறவேயில்லை. பெரியாஸ்பத்திரியில் மாத்திரையை மூன்று தடவை மாற்றிப் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"அந்தத் தண்ணியில என்ன கலந்திருக்குன்னு ஒரு ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்கம்மா. அது தெரிஞ்சா அதுக்குத் தகுந்த வைத்தியம் பாக்கலாம். தெரியாம நானும் குருட்டாம்போக்குல மருந்து குடுத்துட்டிருக்கேன்."

அன்றிலிருந்து சிலுவையம்மாளுக்கு இந்த உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

அதனால்தான் மீனவர் சங்கச் செயலாளர் ரகுபதி ஒரு கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டாள்.

"யக்கா, வியாயக்கெயம திருவொத்தியூர்ல மீட்டிங்கு. ஏரில இருந்து குடிக்க தண்ணி எடுக்கப் போறாங்க இல்ல? அதுக்கு முன்னாடி ஏரிய காப்பாத்த இன்னா இன்னா ஆராய்ச்சி பண்ணணும்னு எல்லாரும் ஒக்காந்து பேசி முடிவு பண்றாங்களாம். காலேஜு, கவுருமெண்டு, கம்பெனிக்காரங்க. நம்ப சங்கத்துல ஆறு பேரு வரணும்னு போட்டுக்கீது."

"நம்பள கேட்டா முடிவு பண்ணுவாங்க?"

"கேப்பாங்கன்னுதான் போட்டுக்கீது."

கஸ்பார் நாற்காலியிலிருந்து சொன்னான். "போய்ட்டு வா. ஒரே ஒரு கேள்விதானே. கேட்டுகினு வந்துடு."

வியாழக்கிழமை, ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். சாத்தாங்காட்டில் இரும்பு லாரிகளுக்குப் பின்னால் வேன் முக்கால் மணி நேரம் நின்றது. ஏ.சி. கல்யாண மண்டபம். வாசலில் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பையும் பேனாவும் கொடுத்தார்கள். உள்ளே வட்ட வட்டமாக மேஜைகள், அறுபது பேர் இருக்கும். மேடையில் கட்டியிருந்த பேனரின் உச்சியில் தொழிற்பேட்டை உரிமையாளர் சங்கத்தின் பெயர், நிகழ்ச்சிக்கு ஆதரவு என்று. அதற்குக் கீழேதான் ஏரியின் படம். படத்தில் ஏரி நீலமாக இருந்தது.

சிலுவையம்மாளின் மேஜைக்கு நவ்ரீன் என்ற பெண் வந்து உட்கார்ந்தாள். தண்டையார்பேட்டைக்காரி, ஏரி ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த உதவியாளராக இருக்கிறாள். கையில் அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி.

"அக்கா, ஏரியப் பத்தி உங்களுக்கு இன்னா தெரிஞ்சாகணுமோ அத்த சொல்லுங்க. நான் எய்திக்கறேன்."

"நான் சொல்றத அப்டியே எய்துவியா?"

"அப்டியே எய்துறேன்."

"எய்து. கம்பெனி மதிலாண்ட கீற கல்வெர்ட்ல வர்ற தண்ணில இன்னா கலக்குது? கலக்குறது யாரு?"

நவ்ரீன் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதி, படித்துக் காட்டி, மூலையில் முப்பத்தேழு என்று எண் போட்டாள். சிலுவையம்மாள் அட்டையை வாங்கித் தானும் ஒரு தரம் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் ஓர் அட்டையில் ஏறிவிட்ட மாதிரி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் இரண்டாவது தரம் பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் வேலை தொடங்கியது. ஒருங்கிணைப்பாளரான பேராசிரியர் மெதுவாகப் பேசுகிற மனிதர். எண்பத்தோரு கேள்விகள் வந்திருக்கின்றன, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்க்க வேண்டும், கடைசியில் பத்து நிற்க வேண்டும் என்றார். அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. முப்பத்தேழும் வந்தது.

"நல்ல கேள்வி" என்றார் பேராசிரியர். "ஆனா 'கலக்குறது யாரு'ங்கிறது வேண்டாம். ஆராய்ச்சி யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது." அந்தப் பாதி போயிற்று. தொழிற்பேட்டைச் சங்கத்து மேஜையிலிருந்து ஒருவர் கை தூக்கி, ஒரே ஒரு கல்வெர்ட்டை மட்டும் சொல்வது அறிவியல் ஆகாது, ஏரிக்குப் பதினோரு வரத்து இருக்கிறது என்றார். கல்வெர்ட் போயிற்று. 'ஏரியின் நீர்வரத்துகளின் தன்மை' என்று நின்றது. பின்னால் இன்னொரு மேஜைக்காரர், மழையைப் பற்றி நாலு அட்டை இருக்கிறதே, அதோடு இதையும் சேர்த்துவிடலாமே என்றார். சேர்த்தார்கள். 'மாறிவரும் மழைப்பொழிவும் ஏரியின் நீர்வரத்தும்' என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது.

சிலுவையம்மாள் நவ்ரீனைப் பார்த்தாள். "இதுல என்னுது எங்க கீது?"

நவ்ரீன் திரையைப் பார்த்துக்கொண்டே, "அதுக்குள்ள கீதுக்கா" என்றாள்.

ஆளுக்கு ஐந்து வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பிடித்த கேள்விக்கு நேரே ஒட்ட வேண்டும், ஒரு கேள்விக்கு ஒன்றுதான். மீனவர் சங்கத்து ஆறு பேரும் மழைக்கு நேரே ஒட்டினார்கள். தொழிற்பேட்டைச் சங்கத்திலிருந்து ஒரே நிறச் சட்டையில் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களும் வரிசையாகப் போய் ஒட்டினார்கள். எண்ணிப் பார்த்ததில் மழை பதினான்காவது இடத்தில் நின்றது. பட்டியல் பத்தோடு முடிந்தது. இரண்டாவது இடத்தில் வந்ததைப் பேராசிரியர் வாசித்தார்: 'கரையோர மக்களின் மீன்பிடிப்பு, குளியல், துணி துவைத்தல் ஆகியவற்றால் ஏரிக்கு ஏற்படும் அழுத்தம்.'

சிலுவையம்மாள் எழுந்தாள். பக்கத்து மேஜையிலிருந்த மைக்கைக் கேட்காமலே எடுத்தாள்.

"சார், அந்த ரெண்டாவது யாரு கேட்டது?"

"யார் கேட்டதுன்னு நாங்க பாக்கிறதில்லைம்மா. இது எல்லாரும் சேந்து எடுத்த முடிவு."

"எல்லாரும்னா யாரு? நாங்க ஆறு பேரு. அதோ, ஒரே சட்ட மாட்டிகினு பதினெட்டு பேரு. அவுங்களே கேட்டுகினு அவுங்களே ஒட்டிகினாங்க. எங்குளுத நீங்க கய்வி கய்வி எட்த்துட்டீங்க. இப்போ அதுல கல்வெர்ட்டும் இல்ல, கம்பெனியும் இல்ல. மயதான் கீது. மய இன்னா சார் பண்ணுச்சு? என் வூட்டுக்காரர் கால மயயா துன்னுச்சு?"

ஒரே நிறச் சட்டைக்காரர்களில் வயதானவர் சிரித்த முகத்தோடு திரும்பினார். "அம்மா, நாங்களும் ஏரியக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம்."

"காப்பாத்த வந்தவன் மதிலுக்கு அடில இன்னாத்துக்கு நைனா ஓட்ட போட்ட?"

எங்கோ ஒருவர் சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். பேராசிரியர் அவள் உணர்வை மதிப்பதாகவும் அதைக் குறிப்பில் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக் செத்துவிட்டது. அவள் மூச்சு வாங்க நின்றாள். மைக்கை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

பிறகு எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தார்கள். வாசலை நோக்கி நடந்தவளை ரகுபதி ஓடிவந்து முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். "யக்கா, அடுத்த மாசம் நம்ப சங்கத்து லைசென்சு புதுப்பிக்கணும். கையெய்த்து போடுறவரு இங்கதான் நிக்கிறாரு. நாப்பது குடும்பங்க்கா. ஒரு நிமிசம் நின்னுட்டு வந்துடு." நாற்பது குடும்பத்தில் எந்த வீட்டில் எத்தனை வாய் என்று அவளுக்குத் தெரியும். நின்றாள். யாரோ அவளைத் தோளில் தொட்டு முன்வரிசைக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பத்து நாள் கழித்து மறுபடி மழை பெய்தது. சிலுவையம்மாள் ஒரு லிட்டர் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, கல்வெர்ட் வாயிலேயே பிடித்து மூடி, துணியில் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி மீஞ்சூரில் இருந்த ஆய்வுத் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். தண்ணீர் இந்தத் தடவை ஊதா. நவ்ரீன் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதிகாரியோடு பேசுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெரிந்தது. அவர் ஒரு தாளை விரலால் மேலிருந்து கீழே தடவிக் காட்டினார். அவள் பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"பட்டியல்ல இருக்கிற எடத்துல, நாங்க எடுத்த தண்ணியத்தான் பாக்க முடியுமாம்க்கா. கல்வெர்ட்டு பட்டியல்ல இல்ல."

"மிஷினு கீதா இங்க?"

"கீது. அர நாளு வேலதான்." நவ்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள். "நோட்டுல ஏறாம ஓட்டினா என்னைய தூக்கிடுவாங்க. வாப்பா போனப்புறம் வூட்ல என் சம்பளந்தான்."

"உன்ன சொல்லி இன்னாத்த பண்றது" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு சிலுவையம்மாள் வெளியே வந்தாள். வாசலின் இரண்டு பக்கமும் புதிதாகப் புல் பதித்து, குரோட்டன்ஸ் நட்டிருந்தார்கள். மூடியைத் திருகி அந்த வேரிலேயே கவிழ்த்தாள்.

காவலாளி கத்திக்கொண்டு ஓடிவந்தான். "ஏம்மா, அத்த இன்னாத்துக்கு செடில ஊத்துற, செத்துப்பூடும்."

"தோ, உனுக்கு தெர்து" என்றாள் அவள். "உள்ள சட்ட போட்டுகினு ஒக்காந்துகினுக்கீறானுங்களே, அவனுங்குளுக்குத்தான் ஆராய்ச்சி பண்ணணும்."

அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. ஏரிக்கரையில் பலகை நட்டார்கள்: இரண்டாவது முன்னுரிமை ஆய்வுக்காகப் பதினெட்டு மாதங்களுக்கு மீன்பிடிக்கத் தடை, கரையோர மக்களின் ஒப்புதலுடன். எவன் ஒப்புக்கொண்டான் என்று சிலுவையம்மாள் கேட்டதற்கு, அன்றைக்கு மண்டபத்து வாசலில் நோட்டில் போட்ட ஆறு கையெழுத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ரகுபதியிடம் கொடுத்தார்கள். அவன் அதை அவளிடம் காட்டவே இரண்டு நாள் ஆயிற்று. தெப்பங்களை ஒன்றாகக் கோத்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள். கல்வெர்ட்டை யாரும் பூட்டவில்லை.

அவள் காசிமேட்டில் கடல்மீன் வெட்டிக் கழுவிக்கொடுக்கும் வேலைக்குப் போனாள். விடியற்காலையில் போய் மத்தியானம் திரும்புவாள். கஸ்பாருக்குக் கால் விரல் இரண்டு கறுத்துப்போய் எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் கிடைத்ததா என்று டாக்டரம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

தை மாதம் ஒரு மத்தியானம் நவ்ரீன் வீட்டுக்கு வந்தாள். தோளில் ஐஸ் பெட்டி, கையில் டேப்லெட். உள்ளே போக வழி இல்லாமல் கஸ்பாரின் நீட்டிய காலுக்கு முன்னால் நின்றாள். அவன் தொடையைக் கையால் பிடித்துக் காலை ஓரமாகத் தூக்கி வைத்து வழிவிட்டான்.

"சர்வேக்கா. வூடு வூடா எடுக்குறோம்" என்றாள். சிலுவையம்மாள் முக்காலியை நகர்த்திப் போட்டாள். வாரத்துக்கு எத்தனை நாள் ஏரியில் குளிக்கிறீர்கள். வீட்டில் எத்தனை பேர். துணி எங்கே துவைக்கிறீர்கள். நவ்ரீன் ஒவ்வொன்றாகப் படிக்க, அவள் சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

"அவரு கால பத்தி அதுல எதுனா கேட்டுக்கீதா?"

நவ்ரீன் திரையைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். "இல்லக்கா. அதுக்கு கட்டமே இல்ல." டேப்லெட்டை மடியில் கவிழ்த்தாள். பிறகு, "துணி தோய்க்கிற சோப்பு இருந்தா ஒண்ணு குடுக்கணும். கடைசிக் கேள்வி" என்றாள்.

சிலுவையம்மாள் பின்பக்கம் போய்க் கல்லின் மேல் கிடந்ததை எடுத்துவந்தாள். தேய்ந்து நடுவில் குழி விழுந்த நீலத் துண்டு, உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. நவ்ரீன் கையுறை மாட்டிக்கொண்டு அதை இடுக்கியால் வாங்கினாள். சின்னத் தராசில் வைத்து எடை பார்த்தாள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினாள்.

"இத்த எங்க கொண்டும்போற?" என்று கேட்டான் கஸ்பார்.

"லேபுக்குண்ணே. சாயந்தரத்துக்குள்ள டெஸ்ட் பண்ணிடுவாங்க."

பையின் மேல் ஏரியின் பெயர், தேதி, கதவு எண், சிலுவையம்மாளின் பெயர் எல்லாம் எழுதி ஒட்டினாள். பெட்டியைத் திறந்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கி, அந்தச் சோப்புத் துண்டை நசுங்காமல் வைத்து மூடி, நான்கு பக்கமும் டேப் சுற்றி, டேப்பின் மேல் கையெழுத்துப் போட்டாள்.