அவரைக் கொடியும் கட்டெறும்பும்

“யா அல்லா, கடிச்சிருச்சு!”

குளிப்பு மறைப்புக்குள்ளிருந்து செம்பு உருண்டு வந்தது. பின்னாலேயே ஈரச் சேலையோடு தாஜுன்னிசா வந்தாள். பெரியபட்டினத்து அந்த வீட்டை ஆளும் விதவை; சல்மாவுக்கு நாத்தனார். மறைப்புக்கு மேலே அவரைப் பந்தலில் கட்டெறும்புச் சாரை.

“ரஜபு மாசப் பிறை தெரியறதுக்குள்ள இந்தக் கொடி இங்கன இருக்கக் கூடாது, சல்மா.”

சல்மாவின் கணவன் ஹமீது கொழும்புக் கடையில். ஆர்.எஸ்.மங்கலத்துத் தாய்வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த அவரை விதைகளில் முளைத்ததுதான் இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது; வாய்விட்டுப் பேசவும் அதுதான் துணை.

“டி.டி.டி. பொடி தூவவா மைனி?”

“எறும்பு மேலயா? சுலைமான் நபி சிரிச்சுக் கேட்ட பேச்சு அதுக பேச்சு. இந்த வீட்டுல எறும்பைக் கொன்னது கிடையாது. கொடியை வெட்டுனா பாவமில்ல.”

எறும்பு தேடி வருவது தளிரில் அப்பிச் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பேனை. அதைக் கழுவ வாளி வாளியாகத் தண்ணீர் வீசினாள் சல்மா. அதுதான் தப்பு. தண்ணீர் வேரில் இறங்கிக் கொடி கொழுத்தது, பேன் பெருகியது, எறும்பும் பெருகியது.

பிறகு குந்தி உட்கார்ந்து பார்த்தவள் அசந்துபோனாள். எறும்பு தன் மீசையால் பேனின் முதுகை வருடியது. பேன் ஒரு தேன்துளி விட்டது. குடித்த எறும்பு அங்கேயே காவல் நின்று, பேனைத் தின்ன வந்த பொறிவண்டை விரட்டியடித்தது. எந்த ஆட்டுக்காரனும் மந்தையை இப்படிக் காத்ததில்லை.

பந்தலின் மறுகோடியில், தண்ணீர் எட்டாத சுவரோரம், அதே தாய்வீட்டு விதைகளில் முளைத்த இன்னொரு கொடி முற்றிக் கிடந்தது. அங்கேயும் கொஞ்சம் பேன். ஆனால் தேன்துளி இல்லை, காவலும் இல்லை. ஓர் எறும்பு பேனையே கவ்விக்கொண்டு புற்றுக்குப் போனது.

சல்மா சிரித்துவிட்டாள். எறும்புக்கும் பேனுக்கும் உறவா பகையா என்று தீர்ப்புச் சொல்வது கொடியின் சாறு: தண்ணீர் குடித்து ஊறினால் தேனும் காவலும், வற்றினால் பேனே இரை.

அன்றே வாய்க்கால் கீறிக் குளிப்புத் தண்ணீரைச் சுவரோரம் திருப்பினாள். மறைப்புப் பக்கத்துக் கொழுந்துகளைக் கிள்ளினாள். நாள் செல்லச் செல்ல இங்கே தண்டு இறுகியது, அங்கே தளிர் பொங்கியது. சாரை தானாகவே இடம் மாறியது.

பிறை தெரிந்த மாலை, தாஜுன்னிசா நிம்மதியாகக் குளித்து வந்து, கொத்துக் கொத்தாகத் தொங்கிய காய்களை அண்ணாந்து பார்த்தாள்.

“வெட்டணுமா மைனி?”

“வேணாம். எறும்பு கடிச்சது ஒரு நாளுதான், சல்மா; தினம் தினம் கடிச்சது வேற. நீ இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து கொடிகூடப் பேசுன பேச்சுல, ஒரு வார்த்தை எங்கூட மனசு விட்டுப் பேசியிருக்கியா?”