குகையும் கட்டைவிரலும்

கட்டுப் பிரித்த நாளிலிருந்து மாஸ்டரின் வலக் கட்டைவிரல் விறைத்தே நின்றது. ஆயத்த ஆடைத் தொழிற்கூடமொன்றில் துணி வெட்டும் பிரிவுக்குத் தலைமை வகித்தவள் அவள். அங்கே அனைவரும் மாஸ்டர் என்றே அழைத்ததால் வீட்டில் கணவரும் அப்படியே அழைக்கப் பழகிவிட்டார். வெட்டும் இயந்திரத்தின் கத்தி அவளுடைய விரலை மடக்கும் தசைநாணை அறுத்துவிட்டது. மருத்துவர்கள் அதைத் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். மடக்க வேண்டியது அவள் பொறுப்பு. மடக்காவிட்டால் தைத்த நாண் பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும், மறுபடியும் அறுக்க வேண்டிவரும், அதற்குப் பிறகு அந்தக் கை கத்தரிக்கோலைப் பிடிக்குமா என்பதற்கு ஒருவரும் உறுதி தர மாட்டார்கள். கைப்பயிற்சி அளிக்கும் பெண் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லி, வெள்ளிக்கிழமை அளந்து பார்ப்பதாகவும் எச்சரித்து, ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

பந்து கொடுத்த அன்று வைத்த இடத்திலேயே இருந்தது.

"கொஞ்சம் அமுக்கிப் பாரேன்," என்றார் கணவர்.

"அமுக்குனா வலிக்குது."

"அமுக்கலைன்னா திரும்ப அறுப்பாங்க."

"அறுக்கட்டும். மயக்க மருந்து குடுத்துத்தானே அறுப்பாங்க? பந்துக்கு எவன் மயக்க மருந்து குடுக்கிறான்?"

கணவர் பொய்ப்பற்கள் செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர். தெருவில் அவருக்குப் பல்செட்டுக்காரர் என்று பெயர். மயிரிழை பிசகினாலும் ஈறு புண்ணாகிவிடும் வேலை அது. ஆகவே அவருக்குப் பொறுமை உண்டு. ஆனால் அந்தப் பொறுமை மெழுகிடமும் பற்களிடமும் செல்லுபடியானதே தவிர, மனைவியிடம் ஒருநாளும் செல்லுபடியானதில்லை. அவர் கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தத் தொல்லையைப் பொறுக்க மாட்டாமல்தான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"சரி, குகையைக் கொண்டாங்க. அதுன்னா விரலை ஆட்டுறேன்."

குகை என்பது திருமணமான புதிதில் வாங்கிய கணினி விளையாட்டு. மூன்று குறுந்தட்டுகள். மலைக்குள் விளக்கோடு இறங்கி, கதவு கதவாகத் திறந்துகொண்டு போக வேண்டும். மாஸ்டர் மூன்றாம் தட்டின் கடைசிக் கதவுவரை போய்விட்டாள். அந்தக் கதவின் முன்னால் அவள் நின்றிருந்தபோதுதான் கணினி புகைந்து செத்தது. இப்போது வீட்டில் தட்டைப் படிக்கக்கூடிய இயந்திரம் ஒன்றுமில்லை. அது தெரிந்துதான் அவள் கேட்டாள். பேச்சை முடித்து வைக்க அது ஒரு வழி. பேச்சு முடிந்துவிட்டது என்பதை உணராதவர் ஒருவர் அந்த வீட்டில் உண்டென்றால் அது பல்செட்டுக்காரர்தான்.

அவர் அன்றே மைத்துனருக்குத் தொலைபேசினார். மாஸ்டரின் தம்பி வாயாலேயே பாதி உலகத்தைப் பழுதுபார்த்துவிடுகிறவர்.

"என்கிட்டே கையில வச்சு ஆடுற மெஷின் ஒண்ணு இருக்கு அத்தான். லினக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல ஓடுறது. பழைய கேம், புது கேம், எல்லாம் ஓடும்."

"தட்டை எங்கே போடுறது?"

"தட்டா? அதுக்கு ஓட்டை கிடையாது. தட்டைப் படிக்கிற ட்ரைவ் ஒண்ணு வாங்கி வெளியே மாட்டிக்குங்க. அப்புறம், திரையைத் தொட்டா அது கேக்காது, கீழே போட்டுட்டேன். வலது பக்கத்துல ஒரு சின்னச் சதுரம் இருக்கும், அதுல கட்டைவிரலைத் தேய்ச்சா அம்பு நகரும்."

பல்செட்டுக்காரருக்கு அது குறையாகத் தோன்றவில்லை. கடவுளே பார்த்துச் செய்த ஏற்பாடாகத் தோன்றியது. இயந்திரம் வந்தது. ட்ரைவும் வந்தது. அவரது அல்லலும் அன்றே தொடங்கியது.

முதலில் ட்ரைவுக்கு மின்சாரம் போதவில்லை. தட்டை விழுங்கி, இரண்டு முறை முனகி, அப்படியே அடங்கியது. மின்சாரம் தரும் இணைப்புப் பெட்டி ஒன்றை இடையில் மாட்டியதும் தட்டு சுழன்றது. அவர் தட்டிலிருந்த கோப்புகளை ஒன்றுவிடாமல் இயந்திரத்துக்குள் நகலெடுத்து விளையாட்டைத் திறந்தார். விளையாட்டு, தட்டைப் போடு என்றது. உள்ளே அத்தனையும் இருக்கிறதே என்று அவர் திரையைப் பார்த்து வாதாடினார். தட்டைப் போடு என்றது அது மறுபடியும்.

"கோப்பை மட்டும் எடுத்தா அது நம்பாது அத்தான்," என்றார் மைத்துனர். "தட்டை அப்படியே அச்செடுக்கணும். முழுசா ஒரே கோப்பா எடுத்து, அதையே தட்டுன்னு சொல்லிக் காட்டணும். அப்பத்தான் ஏமாறும்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே!"

அச்செடுக்கத் தொடங்கியதும் ட்ரைவ் வண்டுபோல இரைந்து, பிறகு மேசைமீது நடக்கத் தொடங்கியது. தண்ணீர்க் குவளை அதிர்ந்தது. சற்று நேரத்தில் படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. அடுத்த தட்டைப் போட்டார், அதுவும் அப்படியே. மாலை முழுவதும் இரைச்சலும் அந்த ஒரே வரியுமாகக் கழிந்தன.

"அது என்ன, மாவரைக்கிறீங்களா?" என்றாள் மாஸ்டர் உள்ளறையிலிருந்து.

காரணம் தட்டின் முகத்திலேயே ஒட்டியிருந்தது. எதையும் பெயரெழுதி ஒழுங்காக வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வாங்கிய அன்றே மூன்று தட்டுகளுக்கும் கெட்டித்தாளில் நீள்சதுரச் சீட்டு அச்சடித்து ஒட்டிவிட்டார். விளையாட்டின் படம் மறையக்கூடாதென்று ஒரு பக்கமாகத் தள்ளி ஒட்டியதை அப்போது தம் ரசனையாக நினைத்திருந்தார். பழைய கணினி மெல்லச் சுழற்றியதால் பிழைத்தது. இந்தப் புது ட்ரைவ் சுழற்றிய வேகத்தில், ஒரு பக்கம் கனத்த தட்டு கிறுகிறுத்து ஆடியது.

சீட்டை உரித்துவிட்டால் ஆயிற்று. அவர் அவசரப்படவில்லை, அதுதான் அவரைக் கெடுத்தது. உடனே தேவைப்படும் தட்டில் கைவைக்கலாகாது, கடைசியில் தேவைப்படுவதில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று முறையாக யோசித்து, மூன்றாம் தட்டை எடுத்தார். தலைமுடி உலர்த்தியால் சீட்டைச் சூடாக்கினார். மெழுகு செதுக்கும் சிறு கத்தியை ஓரத்தில் நுழைத்து, பல்லில் கைவைப்பது போன்ற மென்மையோடு இழுத்தார். சீட்டு அழகாக வந்தது. அதோடு தட்டின் வெள்ளியும் வந்தது. உரிந்த இடத்தின் வழியாக மறுபக்கத்திலிருந்த தம் விரல்களையே அவர் கண்டார். பதிவெல்லாம் பளபளக்கும் அடிப்பக்கத்தில் இருப்பதாகவே அவர் இத்தனை காலமும் நம்பியிருந்தார். அது இருந்ததோ சீட்டு ஒட்டிய மேற்பக்கத்தின் மெல்லிய பூச்சில்.

மைத்துனர் அப்போதுதான் அழைத்தார்.

"அத்தான், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். லேபிள் ஏதாவது ஒட்டியிருந்தா பிச்சிடாதீங்க. பிச்சா தட்டு போச்சு."

"நான் ஏன் பிய்க்கப் போறேன்?" என்றார் பல்செட்டுக்காரர். அது கேள்வியாகையால் பொய்யாகாது என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சீட்டோடேயே படிக்க வேண்டுமானால் சுழலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டளை உண்டு, அதைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்றார் மைத்துனர். ஞாயிறு காலை கட்டளை வேலை செய்தது. ஆனால் இணைப்புக் கம்பியின் செருகி தளர்ந்திருந்தது. குறைந்த ஆட்டத்துக்கே கழன்றது. கழன்றால் ட்ரைவ் எல்லாவற்றையும் மறந்து பழைய வேகத்துக்குத் தாவிவிடும். மறுபடியும் கட்டளை, மறுபடியும் அச்சு, அதுவும் முதலிலிருந்து. ஒரு கையால் ட்ரைவை அழுத்தி, மறுகையால் செருகியைப் பிடித்துக்கொண்டால் கழலவில்லை. ஆனால் தட்டச்சு செய்ய மூன்றாவது கை வேண்டியிருந்தது. மோவாயால் ட்ரைவை அழுத்திப் பார்த்தார். பற்கள் கிடுகிடுத்தன.

மாஸ்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்லயும் இப்படித்தான் பல்லு செய்யறீங்களா?"

"கிண்டல் அப்புறம் பண்ணு. இதை எடுத்து அந்த வரியை அடி. நான் கையை விட முடியாது."

"எனக்குக் கை சரியில்லை."

"இடது கையால அடி."

அவள் இயந்திரத்தை மடியில் வைத்து, திரையில் வரிசையாக நின்ற எழுத்துகளை அம்பால் தொடுவதற்காக, இடக்கையைக் குறுக்கே நீட்டி வலப்புறச் சதுரத்தைத் தேய்த்தாள். அம்பு மேலே போகச் சொன்னால் பக்கவாட்டில் ஓடியது. ஓர் எழுத்துக்கு நாலு எழுத்து விழுந்தது. அழித்தாள், மறுபடியும் விழுந்தது. ட்ரைவ் இரைந்தது, அவர் கை மரத்தது, அவர் சும்மா இருந்திருக்கலாம்; இருக்கவில்லை.

"சீக்கிரம்! கழலப் போகுது!"

"கத்தாதீங்க! மனுஷன் வச்சு விளையாடுற சாமானா இது?"

ஆத்திரத்தில் இயந்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, வலக் கட்டைவிரலைச் சதுரத்தில் வைத்து அழுத்தினாள். வலியில் முகம் கோணியது. தம்பியைத் திட்டினாள், லினக்ஸைத் திட்டினாள், கணவரின் பரம்பரையைத் திட்டினாள். ஒவ்வொரு திட்டுக்கும் ஓர் எழுத்து விழுந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. மூச்சையும் அளந்தே விட்டார். அவர் கை தளர்ந்தபோதெல்லாம் செருகி கழன்றது. ஒவ்வொரு முறையும் அவளே கட்டளையை அடித்தாள். மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. முதல் தட்டு முடிந்தது. வெயில் சாயும்போது இரண்டாவதும் முடிந்தது.

"மூணாவதை எடுங்க," என்றாள் அவள், கையை உதறிக்கொண்டே.

அவர் எடுக்கவில்லை.

"என்ன?"

தட்டை உறையோடு நீட்டினார். அவள் தட்டை வெளியே இழுத்தாள். விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினாள். எதிர்வீட்டு மாடிச்சுவர் அதன் வழியே தெரிந்தது. அந்த விரல் வளைந்து பிடித்திருப்பதை அவர் பார்த்தார். சொல்ல வாயெடுத்தவர் அவளுடைய முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"லேபிளை எடுத்துப் பார்த்தேன்," என்றார்.

"லேபிளை மட்டுமா எடுத்தீங்க?"

"அதோட சேர்ந்து வந்துடுச்சு."

"கடைசிக் கதவு இதுலதானே இருக்கு?"

"ஆமா."

"அது தெரிஞ்சும் காலையிலேருந்து என்னை உட்கார வச்சு அழ வச்சீங்க."

அவள் தட்டைக் கட்டிலின்மேல் எறிந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் இயந்திரத்தைத் தொடவில்லை. பந்தையும் தொடவில்லை. அவரோடு பேசவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவர் ஒரு கிழவரின் மேற்பல் வரிசையைக் கீழ்த்தாடைக்குப் பொருத்திப் பார்த்துத் திட்டு வாங்கினார். முன்னேறிய விரல் மறுபடியும் விறைத்துக்கொண்டிருக்கிறது, அதற்குத் தாமே காரணம் என்ற நினைப்பு அவரை அரித்தது. உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் அவள் கட்டளையை அடித்திருக்கவே மாட்டாள். சொல்லாததால் இப்போது எதையுமே செய்ய மாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

செவ்வாய்க்கிழமை காலை, அவர் காலுறை தேடிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் வெட்டுமேசையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் குரலில் பேசினாள்.

"இங்கே பாருங்க. பழைய ஆட்டமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரோட போச்சு. நான் முதல் கதவுலேருந்து வரணும். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரெண்டையும் முடிச்சாத்தான் மூணாவது. அதுக்குள்ளே அந்த மூணாவது தட்டு எங்கிருந்தாவது இந்த வீட்டுக்கு வந்தாகணும்."

"எங்கே போய்த் தேடுறது? இப்ப யாரு இதை விக்கிறாங்க?"

"அது உங்க பாடு. நான் அந்தக் கதவுகிட்ட வர்றப்போ தட்டு இல்லைன்னா, இந்த மெஷினும் நீங்களும் என் தம்பி வீட்டுல போய் இருந்துக்குங்க."

சொல்லிவிட்டு இயந்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் சதுரத்தில் பதிந்தது. "ஐயோ" என்றாள். மலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

அன்றிலிருந்து அவர் தேடினார், மைத்துனரையும் தேடவைத்தார். பழைய பொருள் விற்கும் இணையதளங்களில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதினார். ஒருவர் முதல் தட்டு இருக்கிறது என்றார். ஒருவர் காலி உறையை விற்க முன்வந்தார். ஒருவர், எதற்கு வேண்டும், இதைவிட நல்ல விளையாட்டு எவ்வளவோ இருக்கிறதே என்று உபதேசித்தார். வீட்டிலோ விளையாட்டு நினைத்த இடத்தில் உறைந்து நின்றது. அவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொட அவள் அனுமதிக்கவில்லை. நிறுத்தி, மூடி, திறந்து, விட்ட இடத்தைத் தேடி, அத்தனையையும் அந்த விரலாலேயே செய்தாள். வலித்தபோதெல்லாம் அவரை அழைத்து எதிரே நிற்கவைத்துத் திட்டினாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சிப் பெண் அளவுகோலை விரல்மீது வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லா மடங்குதே! பந்தை விடாம அமுக்கினீங்களா அக்கா?"

"பந்தா? அது எங்கே கிடக்குதோ," என்றாள் மாஸ்டர். "இவர் ஒரு உருப்படியான தட்டைச் சுரண்டிக் கெடுத்தார். அந்தக் கோபத்துலதான் இது மடங்குது."

"அப்ப இன்னும் கொஞ்சம் கோபமாவே இருங்க. இதே மாதிரி போனா சீக்கிரம் கத்தரிக்கோல் பிடிக்கலாம்."

கேட்ட அந்தக் கணத்தில் பல்செட்டுக்காரருக்குக் கண் நிறைந்தது. அடுத்த கணம் மூன்றாம் தட்டு நினைவுக்கு வந்தது. விரல் தேறத் தேற அவளுடைய ஆட்டமும் வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. நேற்றே முதல் தட்டை முடித்துவிட்டாள். அவர் எழுந்து வெளியே நடைக்கூடத்துக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மைத்துனரை அழைத்தார்.

"கிடைச்சுதா?"

"ஒருத்தர் தேடிப் பாக்கிறேன்னிருக்கார் அத்தான். அடுத்த மாசம் சொல்றாராம்."

"அடுத்த மாசமா? யோவ், உங்க அக்கா இரண்டாம் தட்டுல இருக்கா! விரல் நல்லா மடங்குதாம்!"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம் அத்தான்!"

"சந்தோஷந்தான்," என்றார் பல்செட்டுக்காரர், தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு. "நீ முதல்ல தட்டைத் தேடு."