புகை வாடை அடிக்காத டீ

"சிலிண்டரை வீட்டுக்கு அனுப்புங்கப்பா."

அப்பாவின் டீக்கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில், அத்தனை பேர் காதுபட மகள் கேட்டேவிட்டாள். வேறு எதை வேண்டுமானாலும் அப்பாவிடம் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா எத்தனையோ முறை அவள் வாயைப் பொத்தியிருக்கிறாள். அப்பா காதில் விழாதவர் போல டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன டிகிரி, வந்ததும் வராததுமா சண்டையா?" என்றார் எதிர்க்கடைத் தையல்காரர்.

தெருவில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்பதால் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. படித்து முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பதால், இப்போது அது பாதிப் பாராட்டு, பாதிக் குத்தல்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" அப்பா நிமிராமலே கேட்டார்.

டாக்டர் சொன்னதெல்லாம் இவள் சொன்ன பொய்யை நம்பிச் சொன்னது.

காலையில்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். அந்த லேடி டாக்டருக்கு இவள் வயதுதான் இருக்கும். அம்மாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பீடி, சிகரெட் ஏதாவது பிடிக்கிறீங்களாம்மா?" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி ஆனது.

"சரி, சமையல் எதுல? விறகா?"

"இல்ல டாக்டர், கேஸ்தான்."

அம்மா வாயைத் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். அந்த வெள்ளைக் கோட்டு, அதற்குள் தன் வயதுப் பெண், தன் உடுப்பில் ஏறியிருக்கும் புகை வாடை. எது அந்தப் பொய்யைச் சொல்லவைத்ததோ. கேஸ் இணைப்பு அம்மா பேரில்தானே இருக்கிறது, சிலிண்டர் மட்டும்தானே அப்பா கடையில், முழுப் பொய் இல்லையே என்று உள்ளுக்குள் ஒரு வக்கீல் வேறு.

"அப்ப புகை காரணமா இருக்காது. வேற என்னன்னு பார்க்கணும்" என்று டாக்டர் சளி, ரத்தம், எக்ஸ்ரே என எழுதித் தள்ளினாள்.

வெளியே வந்ததும் அம்மா இவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளைடி, மானத்தைக் காப்பாத்துன."

அதற்குப் பதில் அம்மா நாலு அறை விட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே அடுப்படிக்குள் போனாள். ஜன்னல் கிடையாது. மேலே இருந்த ஒரே துவாரத்தையும் மழைக்குப் பயந்து சாக்கால் அடைத்தாகிவிட்டது. சுவரை விரலால் வழித்தால் கரி பிசுபிசுவென்று ஒட்டும். மூலையில், இணைப்போடு கொடுத்த கேஸ் அடுப்பு மூடிகளையும் கரண்டிகளையும் சுமந்துகொண்டு கிடக்கிறது. அதைத் தினமும் பளபளவென்று துடைத்துவைத்துவிட்டு, அம்மா விறகடுப்பின் முன் குனிவாள். இன்றைக்கு ஈர விறகு. இரண்டு தடவை ஊதியதற்கே அம்மாவுக்கு மூச்சு முட்டிவிட்டது.

"நீ கொஞ்சம் ஊதேன்" என்று ஊதுகுழலை நீட்டினாள்.

மகள் ஊதினாள். புகை குபுகுபுவென்று எழும்பி, பிறகுதான் தீ பிடித்தது. அம்மா அந்தப் புகைக்குள் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊதியது தன் வாய் என்பது அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. குழலைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள்தான், கடையில் வந்து நிற்கிறாள்.

"கேக்கிறேன்ல? என்ன சொன்னாங்க?" என்றார் அப்பா மறுபடியும்.

"ஒண்ணும் சரியா சொல்லல. வீட்ல கேஸ்தான்னு நான் பொய் சொல்லிட்டேன். அதை நம்பி என்னென்னமோ டெஸ்ட் எழுதிட்டாங்க."

டம்ளர்கள் அப்படியே நின்றன. அப்பாவின் முகம் கறுத்தது.

"வீட்டு விஷயத்தை ஏம்மா கடையில வச்சுப் பேசுற? உனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், இன்னொரு சிலிண்டர் எடுத்துடலாம்னு சொல்லிக்கிட்டேதானே இருக்கேன்."

"அதுவரைக்கும் அம்மா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா?"

மூட்டை தூக்குகிறவர் சமாதானத்துக்கு வந்தார். "விறகுல போட்டா டீ புகை வாடை அடிக்கும்மா. முன்னாடி அப்படித்தானே இருந்துச்சு? குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கண்ணு கலங்கிடும்."

"ஒரு டீ குடிக்கிற நேரம் உங்களால உக்கார முடியலல்லண்ணே?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அம்மா என் வயசுலேர்ந்து உக்காந்திருக்கு."

தையல்காரர் தன் டம்ளருக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார்.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "இந்த அடுப்பு எரிஞ்சுதான் நீ படிச்ச. அதை மறந்துடாத."

"மறந்திருந்தா நிம்மதியா இருப்பேனேப்பா."

அவர் சொன்னதில் தப்பில்லை. கேஸுக்கு மாறிய பிறகுதான் கடையில் ஆள் சேர்ந்தது. அதில்தான் அவளுடைய ஹாஸ்டலும் புத்தகமும் பரீட்சையும். விடுமுறைக்கு வந்த நாளெல்லாம் அம்மா இருமுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டையும் நீட்டியவள்தான் அவள்.

டீ அடுப்பு இருந்த பலகைக்கு அடியில், சிலிண்டர் பக்கம் குனிந்தாள். குமிழைத் திருகினாள். அடுப்பு 'பொக்'கென்று அணைந்தது, விளிம்புவரை ஏறியிருந்த பால் தளர்ந்து இறங்கியது. ரெகுலேட்டரைக் கழற்றி, குழாயோடு தோளில் போட்டுக்கொண்டாள்.

"கடையை மூடச் சொல்றியா?"

"வீட்டு விறகெல்லாம் இங்க வந்துடும். ஊதுகுழலும் வரும். நீங்களும் கொஞ்சம் ஊதிப் பாருங்க."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவின் நெஞ்செலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. இங்கே நாலு பக்கமும் காற்று, அங்கே மாதிரி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளே இருந்த வக்கீல் மறுபடி வாயைத் திறக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் சிலிண்டரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உங்கம்மாவே இதைத் திருப்பி அனுப்புவா, பாரு."

"அனுப்பட்டும். திரும்ப வந்து எடுத்துட்டுப் போவேன்."

சிலிண்டரைச் சாய்த்து, அடி வளையத்தில் உருட்டத் தொடங்கினாள்.

"நான் வேணா தூக்கிட்டு வரட்டுமா டிகிரி?" என்றார் மூட்டை தூக்குகிறவர்.

"வேணாம்ணே. வழி மட்டும் விடுங்க."

விட்டார்கள். முதலில் வீடு. அம்மா மானம் போச்சே என்று அழுவாள், அழட்டும். பிறகு, அந்த டாக்டர் கிளம்புவதற்குள் மறுபடியும் ஆஸ்பத்திரி. விறகுலதான் சமைக்கிறோம் டாக்டர், பொய் சொன்னது நான் என்று சொல்லிவிட வேண்டும்.

"அண்ணே, டீ வருமா வராதா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். அப்பாவின் பதில் அவளுக்குக் கேட்கவில்லை. தெருவில் சிலிண்டர் உருளும் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.