இருபத்தைந்து அங்குல வில்

தெருவில் என் கணவரை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். தச்சு வேலைக்கு அந்த உயரம் வசதி; கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் தொல்லை. நான் தையற்காரி. ஊருக்கெல்லாம் உடம்பளவு எடுத்துத் துணி வெட்டுகிறவளின் வீட்டில் அலமாரி, ஆணி, கண்ணாடி எல்லாமே ஏணியின் கைக்குத் தகுந்தாற்போல் இருக்கும்.

வில் சங்கத்துக்கு மூன்று வருடமாக அவருக்குத் துணையாகப் போய் வேடிக்கை பார்த்தேன். இந்த வருடம் நானே போட்டியில் இறங்குகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதம் மெனக்கெட்டு எனக்கென்று ஒரு மரவில் செதுக்கினார். மனுஷன் தங்கம்தான், அளவு எடுக்கத்தான் தெரியாது.

போட்டிக்கு முதல் நாள் காலை, வில்லைப் பட்டறைச் சுவரில் பொருத்தி, பயணப் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசை நாணில் மாட்டி, வில் எத்தனை எடைக்கு வளைகிறது என்று இழுத்துக் காட்டினார்.

"பாத்தியா, முப்பத்திமூணு பவுண்டு! சங்கத்துல முப்பது இருந்தாப் போதும்."

"எவ்வளவு தூரம் இழுத்தீங்க?"

"இதென்ன கேள்வி? இருபத்தெட்டு இன்ச். எப்பவும் இழுக்கிறதுதானே."

"அது உங்க கை. என் கை எங்க நிக்கும்னு பாத்தீங்களா?"

என் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துப் பார்த்தோம். தாடை வரை நாணை இழுத்தால் எனக்கு இருபத்தைந்துதான். வில்லைக் குறைவாக வளைத்தால் எடையும் குறைவாகத்தானே காட்டும்? தராசு இருபத்தாறு என்றது. சங்கத்து வாசலில் அவரவர் இழுக்கிற அளவில்தான் எடை பார்ப்பார்கள். முப்பதுக்குக் குறைந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அழுகையைக் காட்டிக்கொள்ளாமல் கத்தினேன்; அது எனக்குக் கைவந்த கலை.

"அடுத்த வருஷம் வேற செஞ்சு தரேன்மா. செதுக்குன மரத்தத் திருப்பி ஒட்டவா முடியும்?"

"ஒட்ட வேணாம், வெட்டுங்க. ரெண்டு முனையிலயும் வெட்டிக் குட்டையாக்குனா விறைப்பு ஏறும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஏறும். குட்டை வில்ல இழுத்தா முறியவும் முறியும்."

"இருபத்தெட்டு இழுத்தா முறியும். நான்தான் இருபத்தஞ்சுலயே நின்னுடுவேனே!"

அவர் ரம்பத்தை எடுத்தார்.

அறுபத்திரண்டு அங்குல வில். முனைக்கு ஓர் அங்குலம் அறுத்து, நாண் உட்காரப் புதுக் காடி வெட்டி, நாணையும் குறுக்கிக் கட்டினோம். இருபத்தெட்டு பவுண்டு. அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"போதும்மா, பயமா இருக்கு."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

ரம்பத்தை எடுத்து நானே அறுத்தேன். முனைக்கு இன்னோர் அங்குலம். பிறகு இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைகிறதா என்று அவர் தள்ளி நின்று பார்க்க, நான் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். மரத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. முப்பத்தொன்று!

மறுநாள் சங்கத்து வாசலில் எடை பார்த்தவர் ஏணிக்குச் சித்தப்பா மாதிரி உயரம். எங்களுக்கு முன்னால் நின்றவரின் வில்லை வாங்கி, மரத்தைப் பழக்க இருபத்தெட்டு வரை ஒரு தடவை இழுத்துத் தளர்த்திவிட்டு, அதன் பிறகுதான் தராசை மாட்டினார். என் முறை வந்தது. வில்லை வாங்கியவர் அதே பழக்கத்தில் நாணைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"இருபத்தஞ்சுல நிறுத்திடுங்க, சார்."

"மூணு இன்ச் கூடப் போனா என்னம்மா ஆகும்?"

"ஒடிஞ்சிடும். இது என் கைக்குச் செஞ்சது."

அவர் என்னை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற ஏணியிடம் கேட்டார். "செஞ்சது நீங்கதானே, சார்? இவங்க சொல்றது சரிதானா?"

"நான் செதுக்கினேன், அவ்வளவுதான். அளவு அவங்களோடது. அவங்களையே கேளுங்க."

எடை பார்த்தவர் என்னைப் பார்த்தார். டேப்பை நீட்டச் சொல்லி, தராசை மாட்டி, இருபத்தைந்தில் கச்சிதமாக நிறுத்தினார்.

"முப்பத்தொண்ணு. உள்ள போங்கம்மா."

நான் தராசைப் பார்க்கவே இல்லை. ஏணியைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.