ஃப்ரிட்ஜுக்கு நாலு மணி நேரம்

எங்கள் வீட்டுக்குள் புதுசாக எந்தச் சாமானும் நுழைந்ததில்லை. மிக்ஸி, கட்டில், மின்விசிறி எல்லாமே யாரோ வேண்டாமென்று தள்ளியவை. "ஓடுற பொருளைக் குப்பையில போடுறது பாவம்" என்பார் என் வீட்டுக்காரர். காசும் மிச்சம். எனக்கும் சம்மதம்தான்.

மறுநாள் காலை நாற்பது பேருக்கு க்ரீம் கேக் தர வேண்டும். என் முதல் ஆர்டர். பார்த்து முந்தின நாள்தானா வீட்டு ஃப்ரிட்ஜ் மண்டையைப் போட வேண்டும்! இவர் ஓடிப்போய்ப் பழைய சாமான் கடையில் இன்னொன்றைப் பிடித்தார். வண்டிக்குள் நிற்க வைக்க முடியாமல் வண்டிக்காரர் அதைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் கழித்துத் தன் ஸ்கூட்டரில் வந்து நிமிர்த்தி வைத்தார். "நாலு மணி நேரம் பிளக்கைத் தொடாதீங்கம்மா. படுத்து வந்ததுல ஆயில் குழாய்க்குள்ள போயிருக்கும். அது கீழ இறங்கணும். முன்னாடியே போட்டா கம்ப்ரஸர் போயிடும்."

இவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுப்படியைத் துடைத்தேன். திரும்பவும் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சே! கிண்ணத்தில் க்ரீம் வேறு இளக ஆரம்பித்தது. ஆயிலாம், குழாயாம், எல்லாம் சும்மா பயமுறுத்தல் என்று பட்டது. ஒரு மணி நேரத்தில் பிளக்கைச் சொருகிவிட்டேன்.

உர்ரென்றது. கடகடவென்று நடுங்கியது. அப்புறம் சத்தமே இல்லை.

சாயங்காலம் இவர் கடைக்காரரைக் கையோடு கூட்டி வந்தார். அவர் பின்பக்கம் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"சீக்கிரமே போட்டுட்டீங்களா?"

"என் பொண்டாட்டி அப்படிச் செய்யமாட்டாங்க. சொன்னா சொன்னபடி செய்வாங்க" என்றார் இவர்.

நான் திரும்பி க்ரீம் கிண்ணத்தை மூடி வைத்தேன். கடைக்காரர் இவர் சொன்னதை நம்பி வண்டிக்காரருக்குப் போன் போட்டார். "தலைகீழா கவுத்துட்டியாய்யா? உன்னால என் பேரே போச்சு! நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதே!" எதிர்முனையில் அந்த மனிதர் சத்தியம் செய்வது எனக்கே கேட்டது.

"அவரைத் திட்டாதீங்க. நான்தான் போட்டேன்" என்றேன்.

கடைக்காரர் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "கம்ப்ரஸர் போயிடுச்சும்மா. மாத்தினா ஓடும், ஆனா ரெண்டு நாளாகும். கடையில வேற ஃப்ரிட்ஜும் இல்லை."

இவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். "கேக் கேட்ட அந்தம்மாவுக்கு இப்பவே சொல்லிடு. வேற இடமாவது பார்க்கட்டும்" என்று போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

புதுசாக வாங்கின பழைய ஃப்ரிட்ஜும் ஓடவில்லை, கேக் தர முடியாது என்று சொன்னதும் ஆர்டர் கொடுத்த அம்மா பதறினார். "ஐயோ, பழைய ஃப்ரிட்ஜ் வாங்கி ஏமாந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. கடைக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க. நல்ல ஃப்ரிட்ஜ்தான். நான்தான் கெடுத்தேன்."